அத்திப்பள்ளியைத் தாண்டும் பிரசவங்கள்

ஏழாம் மாதம் வளைகாப்பு. கை நிறைய வளையலோடு மறுவாரமே மடிவாளாவில் பஸ் ஏறி, அத்திப்பள்ளி சுங்கச்சாவடியைத் தாண்டி, ஊத்தங்கரைக்கோ அரூருக்கோ செங்கத்துக்கோ அம்மா வீட்டுக்குப் போய்ச் சேர்வது பெங்களூருவில் பிழைக்கும் நம் பெண்களின் தலைப்பிரசவ வழக்கம். கட்டட வேலை, வீட்டு வேலை, கார்மெண்ட்ஸ், எந்த வேலையில் இருந்தாலும் இதில் மாற்றம் கிடையாது. பிள்ளைக்கு மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ திரும்பி வருவார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போகாமல் பிள்ளை பெறுவது இப்போது அபூர்வம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி மருத்துவமனைப் பிரசவம் தமிழ்நாட்டில் 99.6 சதவீதம், கர்நாடகத்தில் 97. ஆனால் கர்ப்பகாலப் பரிசோதனை ஒரு மாநிலத்தில், பிரசவம் இன்னொரு மாநிலத்தில், குழந்தையின் பரிசோதனை பாதி அங்கே பாதி இங்கே என்று ஆகும்போது எதையாவது யாராவது தவறவிடுகிறார்கள். சத்து மாத்திரை நாலு நாள் விட்டுப்போனால் சமாளிக்கலாம். தாயிடமிருந்து குழந்தைக்கு ஹெச்.ஐ.வி. போகாமல் தடுக்கும் சிகிச்சை அப்படி இல்லை. அது எங்கெங்கே அறுகிறது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் காகிதம். கர்நாடகத்தில் கர்ப்பத்தைப் பதிந்ததும் தருவது தாயி கார்டு. தமிழ்நாட்டில் அதை வைத்துக்கொண்டு மட்டும் வேலை நடக்காது. அங்கே பிக்மி எண் (கர்ப்பத்தைப் பதிந்ததும் அரசு தரும் எண்) வேண்டும். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய்க்கும் (ஊட்டச்சத்துப் பெட்டகங்களும் இதில் அடக்கம்) பிள்ளையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண்ணைத்தான் கேட்பார்கள். ஊருக்குப் போன முதல் வாரமே கிராம சுகாதார செவிலியரைப் பார்த்துப் பதிந்துவிட வேண்டும். ஊரில் நர்சம்மா என்றால் போதும், வீடு காட்டுவார்கள். போகும்போது தாயி கார்டு, இதுவரை எடுத்த ரத்தப் பரிசோதனைத் தாள்கள், ஸ்கேன் எல்லாவற்றையும் அசலாகவே எடுத்துப்போங்கள். அசலைப் பெங்களூரு வீட்டுப் பெட்டியில் பூட்டிவிட்டுப் போனதால் ஒன்பதாம் மாதத்தில் எல்லாவற்றையும் மறுபடி எடுப்பது ஒவ்வொரு ஊரிலும் நடக்கிறது.

பெங்களூருவிலேயே பெற்றுக்கொள்வதாக இருந்தால் தாயி கார்டை எடுக்காமல் இருக்காதீர்கள். 2022 நவம்பரில் துமகூருவில், கார்டும் ஆதாரும் இல்லை என்று சேர்க்க மறுக்கப்பட்ட தமிழ்ப் பெண் ஒருவர் வீட்டிலேயே இரட்டைக் குழந்தைகளைப் பெற்று, தாயும் இரு சிசுக்களும் இறந்தார்கள். வலியோடு வருபவரிடம் காகிதம் கேட்கக் கூடாது என்று அதன்பிறகு அரசு சொன்னது. சொன்னது சரி. ஆனாலும் இரவு இரண்டு மணிக்கு வாசலில் நின்று, தெரியாத கன்னடத்தில் வாதாடுவதைவிடக் கார்டு கையில் இருப்பது மேல்.

இனி ரத்தப் பரிசோதனை. கர்ப்பத்தைப் பதியும் முதல் நாளிலேயே ஹீமோகுளோபின், ரத்த வகை, சர்க்கரை ஆகியவற்றோடு ஹெச்.ஐ.வி.யும் சிபிலிஸும் பார்த்துவிடுவார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் செய்வது விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு எடுத்துப் பார்க்கும் முதல்கட்டச் சோதனைதான். அதில் ‘ரியாக்டிவ்’ என்று வந்தால் நோய் உறுதி என்று பொருள் இல்லை. ஹெச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் நடக்கும் நம்பிக்கை மையத்துக்கு (பெங்களூருவில் ஐ.சி.டி.சி. என்று கேளுங்கள்) அனுப்பி, வெவ்வேறு முறையில் வேலை செய்யும் மூன்று கிட்டுகளில் பார்த்து, மூன்றும் ஒத்துப்போனால்தான் ‘பாசிட்டிவ்’ என்று எழுதுவார்கள். இந்த இடைவெளியில்தான் குடும்பத்தில் பூகம்பம் வருகிறது. முதல் தாளைப் பார்த்ததும் மாமியார் வீட்டில் சண்டை, பெண் அடுத்த பஸ்ஸில் ஊருக்கு, உறுதிச் சோதனை அந்தரத்தில். தாளைப் படித்துச் சொல்பவர் யாராக இருந்தாலும் ‘இன்னும் முடிவாகவில்லை, நாளைக்கே உறுதி செய்துகொள்ளலாம்’ என்றுதான் சொல்ல வேண்டும். நாளைக்கே போகவும் வேண்டும்.

இதன் மறுபக்கத்தை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. மூன்றாம் மாதத்தில் ‘நெகட்டிவ்’ வந்தால் அது அந்தத் தேதி வரைக்கான பதில். சரியாகச் சொன்னால் அதற்கும் சில வாரம் முந்தைய நாள் வரைக்கானது. தொற்று ஏற்பட்டுச் சோதனையில் தெரிய மூன்று மாதம் வரைகூட ஆகலாம். கணவர் பெங்களூருவில் தங்கி, மனைவி ஊரில் இருந்து, மாதம் ஒருமுறை போய்வரும் குடும்பங்களில் கர்ப்பத்தின் நடுவிலோ பாலூட்டும்போதோ புதிதாகத் தொற்று வரலாம். புதுத் தொற்றில் ரத்தத்தில் கிருமி ஏராளமாக இருக்கும். குழந்தைக்குப் போகும் வாய்ப்பும் அதனால் மிக அதிகம். பழைய தாளில் நெகட்டிவ் என்று இருப்பதால் யாரும் சந்தேகப்படவும் மாட்டார்கள். ஆகவே எட்டாம் மாதத்தில் மறுபடி ஒரு சோதனை, கணவருக்கும் சேர்த்து. பெண்ணை மட்டும் பத்து முறை குத்திப் பார்த்துவிட்டு ஆண் பக்கம் திரும்பாமலே விடுவது எனக்கு என்றைக்கும் புரிந்ததில்லை. கர்ப்ப காலத்திலும் பால் கொடுக்கும் காலத்திலும் ஆணுறை எதற்கு என்று கேட்பவர்களுக்கும் பதில் இதுதான்.

சிகிச்சையே இல்லாவிட்டால் ஹெச்.ஐ.வி. உள்ள 100 தாய்மாரின் குழந்தைகளில் 15 முதல் 45 பேர் வரை தொற்றோடு வளர நேரும். சிலருக்கு வயிற்றில் இருக்கும்போதே, பலருக்குப் பிரசவத்தின்போது, மிச்சப் பேருக்குத் தாய்ப்பால் வழியாக. மருந்தை ஒழுங்காக எடுத்தால் பால் கொடுத்தாலும் அது ஐந்துக்குக் கீழே இறங்கும். வித்தியாசம் முழுக்க ஒரே இடத்தில்: தாயின் ரத்தத்தில் எவ்வளவு கிருமி ஓடுகிறது என்பதில்.

ஊர்ப்பக்கம் இன்னும் சிலர் ‘வலி வந்ததும் ஒரு மாத்திரை, பிள்ளைக்கு ஒரு சொட்டு, முடிந்தது’ என்று சொல்லக் கேட்கலாம். அது பழைய நெவிரபின் முறை. 2014 முதல் நம் நாட்டில் அப்படி இல்லை. பாசிட்டிவ் என்று தெரிந்த அன்றே, எத்தனையாவது மாதமாக இருந்தாலும், சி.டி.4 (நோய் எதிர்ப்பு அணு) எண்ணிக்கைக்குக் காத்திராமல், வாழ்நாள் முழுவதற்குமான கூட்டு மருந்து. இப்போது பெரும்பாலும் தருவது டி.எல்.டி.: டெனோஃபோவிர் 300 மி.கி., லாமிவுடின் 300 மி.கி., டோலுடெக்ராவிர் 50 மி.கி. மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, நாளைக்கு ஒன்று, இலவசம்.

இந்த மாத்திரையில் கர்ப்பிணிகளுக்கென்று ஒரு சிக்கல் உண்டு, அதைத் தெளிவாகச் சொல்லிக்கொடுப்பவர்கள் குறைவு. டோலுடெக்ராவிர் இரும்போடும் சுண்ணாம்புச் சத்தோடும் ஒட்டிக்கொள்ளும். வெறும் வயிற்றில் இரும்பு மாத்திரையையோ கால்சியத்தையோ இதையும் சேர்த்துப் போட்டால் மருந்தின் பெரும்பகுதி ரத்தத்தில் ஏறாமல் மலத்தோடு போய்விடும். கர்ப்பிணிக்கோ தினம் ஓர் இரும்பு மாத்திரை, இரண்டு வேளை கால்சியம். எல்லாவற்றையும் ராத்திரி படுக்கும்போது ஒரே மடக்கில் விழுங்குவதுதான் வழக்கம். மருந்தை ஒரு நாளும் விடாமல் சாப்பிட்டும் கிருமி குறையவில்லை என்றால் முதலில் இதைக் கேட்க வேண்டும். டி.எல்.டி.யை இவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்பாக, அல்லது ஆறு மணி நேரம் கழித்து எடுக்க வேண்டும். நடைமுறையில் ஒத்துவரும் கணக்கு ஒன்று: காலை டிபனோடு எட்டு மணிக்கு ஒரு கால்சியம், பதினொரு மணிக்கு இரும்பு, மதியச் சாப்பாட்டோடு இரண்டு மணிக்கு இன்னொரு கால்சியம், இரவு ஒன்பதுக்கு டி.எல்.டி. இரும்பும் கால்சியமும் ஒன்றையொன்று கெடுக்கும் என்பதால் அவற்றுக்கிடையிலும் இந்த இடைவெளி உதவும். நெஞ்செரிச்சலுக்கு மெடிக்கலில் வாங்கிக் குடிக்கும் ஜெல் மருந்துகளும் இந்தக் கணக்கில் சேர்த்தி. ஏழாம் மாதத்துக்குமேல் நெஞ்செரியாத கர்ப்பிணி யார்? இவ்வளவு நேரம் பார்க்க முடியாதவர்கள், இரும்பையும் கால்சியத்தையும் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு டி.எல்.டி.யோடு சேர்த்துப் போடலாம். வெறும் வயிற்றில்தான் கூடாது. ஜெல் மருந்துக்கு மட்டும் இந்தச் சலுகை இல்லை, அதற்கு இடைவெளி விட்டே ஆக வேண்டும்.

அடுத்தது பஸ் ஏறும் நாள். ஏழாம் மாதம் போய் பிள்ளைக்கு மூன்றாம் மாதம் திரும்புகிறார் என்றால் இடையில் ஐந்தாறு மாதம். பெங்களூரு ஏ.ஆர்.டி. மையத்தில் (தமிழ்நாட்டில் கூட்டு மருந்து மையம் என்பார்கள்) கையில் கொடுத்தனுப்பும் மருந்து அவ்வளவு நாளைக்கு வராது. ஆகவே போவதற்கு இரண்டு வாரம் முன்பே மையத்தில் எந்த மாவட்டம், எவ்வளவு நாள் என்று சொல்லிவிட வேண்டும். சிகிச்சை விவரம் எழுதும் பச்சைப் புத்தகத்தில் அதை எழுதி, அந்த மாவட்ட மையத்துக்கு மாற்றித் தருவார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மூன்றிலும் அரசு மருத்துவமனையில் கூட்டு மருந்து மையம் உண்டு. சொல்லாமல் போனால் பெங்களூருப் பதிவேட்டில் ‘வரவில்லை’ என்று ஆகும், ஊரில் மருந்து தீர்ந்த அன்று புதிதாக ஆரம்பிக்க வேண்டிவரும். தீபாவளி, பொங்கல் விடுமுறைக் கணக்கையும் பார்த்து, பாட்டிலில் பத்து மாத்திரை இருக்கும்போதே போய் வாங்குவது நல்லது.

அம்மா வீட்டில் யாருக்கும் தெரியாது என்பது அடுத்த தலைவலி. மறைக்க நினைத்து மாத்திரையைச் சத்து மாத்திரை டப்பாவில் கொட்டி வைப்பதும் தாளில் மடிப்பதும் நடக்கிறது. ஈரம் பட்டு மருந்து கெடும், தவிர எது எது என்று குழப்பம் வரும். பாட்டிலை விட்டு எடுக்காமல், மேலே ஒட்டிய லேபிளைக் கிழித்துவிடலாம். கிழிப்பதற்கு முன் அதைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் புது டாக்டர் கேட்டால் காட்ட வேண்டுமே. வீட்டில் ஒருவருக்காவது, அக்காவோ சித்தியோ, தெரிந்திருப்பது பிரசவத்தன்று பெரிய உதவி. யாருக்குச் சொல்வது என்பது அந்தப் பெண்ணின் முடிவு. 2018 செப்டம்பர் 10 முதல் நடப்பில் இருக்கும் ஹெச்.ஐ.வி. சட்டம், சம்மதம் இல்லாமல் சோதிப்பதையும், நிலையை வெளியே சொல்வதையும், சிகிச்சை மறுப்பதையும் தடை செய்கிறது. தாயி கார்டின் மேலட்டையில் சிவப்பு மையில் கொட்டை எழுத்தில் எழுதுவதும், கட்டிலில் தனி அட்டை தொங்கவிடுவதும் அந்தச் சட்டத்துக்கு விரோதம்தான். இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த மருத்துவமனையிலும் இதற்குப் புகார் அதிகாரி ஒருவர் இருந்தாக வேண்டும். சில தனியார் நர்சிங் ஹோம்கள் ‘இங்கே வசதி இல்லை’ என்று கடைசி நேரத்தில் கைவிரிப்பதும், ‘பாதுகாப்பு கிட்’ என்று சொல்லிப் பல ஆயிரம் பில் போடுவதும் உண்டு. ஊர்ப் பெண்களுக்கு என் சிபாரிசு அரசு ஆஸ்பத்திரிதான். அங்கே 2011 ஜூன் முதல் பிரசவம், சிசேரியன், மருந்து, சாப்பாடு, வீட்டுக்குத் திரும்பும் வண்டி எல்லாமே இலவசம் என்பது மத்திய அரசுத் திட்டம்.

32 முதல் 36 வாரத்துக்குள் வைரல் லோடு பரிசோதனை (ரத்தத்தில் எவ்வளவு கிருமி என்று எண்ணுவது) ஒன்று உண்டு. காலண்டரைப் பாருங்கள்: பெண் ஊர் போய்ச் சேர்ந்து, புது இடத்தில் இன்னும் யாரையும் தெரியாமல் இருக்கும் சமயத்தில்தான் அது வருகிறது. தவறவிடும் சோதனைகளில் இதற்கே முதலிடம். பிரசவத்தை எப்படிப் பார்ப்பது, பிள்ளைக்கு எத்தனை மருந்து, எத்தனை வாரம் என்பதை அந்த எண்தான் சொல்லும். ஒரு மி.லி.க்கு 1,000-க்கு மேல் இருந்தால் பிள்ளை அதிக ஆபத்துப் பட்டியலில் வரும். பிரசவத்துக்குச் சற்று முன்போ வலியின்போதோதான் பாசிட்டிவ் என்று தெரிந்தவர்களின் பிள்ளையும் அப்படியே.

பிரசவத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். ஹெச்.ஐ.வி. இருக்கிறது என்பதற்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை. அன்றைக்கும் மாத்திரையை நிறுத்தக் கூடாது. பனிக்குடத்தைச் செயற்கையாக உடைக்காமல், உள்பரிசோதனையை அடிக்கடி செய்யாமல், அவசியமின்றித் தையல் வெட்டு, ஆயுதம் போடாமல் பார்ப்பார்கள். வீட்டில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: தண்ணீர்க்குடம் உடைந்து நேரம் ஆக ஆகப் பிள்ளைக்கு ஆபத்து கூடும். உடைந்தால் ‘வலி வரட்டும், விடியட்டும்’ என்று உட்காராமல் உடனே 108. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, சித்தேரி மலைப்பக்கம் வீடு இருந்தால் தேதிக்கு ஒரு வாரம் முன்பே கீழே இறங்கிவிடுவது உத்தமம்.

பிள்ளை பிறந்ததும் நெவிரபின் சிரப், முடிந்தவரை அன்றைக்கே. சிரப் ஒரு மி.லி.யில் 10 மி.கி. இருக்கும். பிறப்பு எடை 2.5 கிலோவுக்கு மேல் என்றால் நாளைக்கு ஒரு வேளை 1.5 மி.லி.; 2 முதல் 2.5 கிலோ என்றால் 1 மி.லி.; 2 கிலோவுக்குக் கீழே என்றால் கிலோவுக்கு 0.2 மி.லி. சாதாரணமாக ஆறு வாரம். அதிக ஆபத்துள்ள பிள்ளைக்கு இன்னொரு மருந்தும் சேரும், நாளும் நீளலாம். அதை மையம் எழுதித்தரும். தவறு நடப்பது அளவில். மூடியிலும் சங்கிலும் ஊற்றிக் கொடுத்தால் அளவு நிற்காது. ஊசி இல்லாத சிரிஞ்சில்தான் எடுக்க வேண்டும், பாட்டிலைக் குலுக்கிய பிறகு. டிஸ்சார்ஜ் அன்று ஒரு கணக்குப் போடுங்கள்: 1.5 மி.லி. வீதம் 42 நாளைக்கு 63 மி.லி. கொடுத்த பாட்டில் அதற்குப் போதுமா, போதாவிட்டால் அடுத்ததை எங்கே வாங்குவது என்று வார்டை விட்டு இறங்குவதற்கு முன்பே கேளுங்கள்.

இனி பால். இங்கேதான் பாட்டிகளோடு மல்லுக்கு நிற்க வேண்டியிருக்கும். தாய் மருந்து எடுக்கிறார், தாய்ப்பால் கொடுக்கிறார் என்றால் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும்தான். சேனை என்று நாக்கில் வைக்கும் சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால், வசம்பு உரசிய உரை மருந்து, கிரைப் வாட்டர், வெயில் காலத்துக்கு ஒரு பாலாடை வெந்நீர் எதுவும் ஆகாது. இவை பிஞ்சுக் குடலின் உட்சுவரைப் புண்ணாக்கும். அந்தக் கீறல் வழியாகத் தாய்ப்பாலில் இருக்கும் கிருமி உள்ளே நுழையும். தாய்ப்பாலும் மாவுப்பாலும் மாற்றி மாற்றிக் கொடுப்பது, இரண்டில் ஏதாவது ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட மோசம் என்பதற்கு இதுவே காரணம். ‘ஹெச்.ஐ.வி. இருப்பதால்’ என்று பாட்டியிடம் சொல்ல முடியாதவர்கள் ‘டாக்டர் எல்லாப் பிள்ளைக்கும் இப்படித்தான் சொல்கிறார்’ என்று சொல்லலாம். அது பொய்யும் இல்லை.

முழுக்க மாவுப்பால்தான் என்று முடிவு செய்பவர்களும் உண்டு. நல்ல தண்ணீர், கொதிக்க வைக்க அடுப்பு, டப்பா வாங்க ஆறு மாதத்துக்கும் பணம், இவை இருந்தால் சரி. ஒயிட்ஃபீல்டிலும் சர்ஜாபூர் ரோட்டிலும் தகரக் கொட்டகையில் டேங்கர் தண்ணீரை நம்பி இருக்கும் குடும்பத்தில் அது வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும். காம்பில் வெடிப்பு, மார்பில் கட்டு, சீழ் இருந்தால் அந்தப் பக்கம் கொடுக்காமல் பீய்ச்சி வெளியேற்றிவிட்டு மறுபக்கம் கொடுத்து, உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். ஆறு மாதத்துக்குப் பிறகு இணை உணவோடு, பிள்ளைக்குத் தொற்று இல்லை என்றால் ஒரு வயது வரை பால் தொடரலாம். நிறுத்தும்போதும் வேப்பெண்ணெய் தடவி ஒரே நாளில் நிறுத்தாமல் ஒரு மாதம் எடுத்துப் படிப்படியாக.

பிள்ளைக்குத் தொற்று இருக்கிறதா என்பதைச் சாதாரண சோதனையில் 18 மாதம் வரை சொல்ல முடியாது. தாயின் எதிர்ப்பணுக்கள் பிள்ளை ரத்தத்தில் கலந்திருப்பதால் தொற்று இல்லாத குழந்தைக்கும் பாசிட்டிவ் காட்டும். விவரம் தெரியாத லேபில் காசு கொடுத்துப் பார்த்துவிட்டு அழுபவர்கள் இருக்கிறார்கள். சரியான வழி, குதிகாலில் குத்தி அட்டையில் ரத்தப் பொட்டு வைத்துக் காயவைத்து அனுப்பும், கிருமியையே நேரடியாகத் தேடும் பி.சி.ஆர். சோதனை. முதல் முறை ஆறாவது வாரம். அதே நாள்தான் பென்டா தடுப்பூசியும், மற்ற தொற்றுகளைத் தடுக்கும் கோட்ரைமாக்ஸசோல் மருந்து தொடங்குவதும். மூன்றுக்கும் ஒரே பயணம் போதும். தடுப்பூசியைப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டுக்கொண்டு, ரத்தப் பொட்டுக்கு நாற்பது கிலோமீட்டர் போக வேண்டுமா என்று விட்டுவிடுவதுதான் நடக்கிறது.

முடிவு வர நாளாகும். அது ஊர் மையத்துக்கு வரும்போது தாய் பெங்களூருவுக்குத் திரும்பியிருப்பார், கொடுத்த போன் நம்பரும் அம்மா வீட்டில் தம்பி வைத்திருக்கும் போனுடையது. ரத்தம் எடுத்த அன்றே குழந்தைக்குக் கொடுத்த எண்ணையும் மையத்தின் பெயரையும் பச்சைப் புத்தகத்தில் எழுதி வாங்கிவிட்டால், பெங்களூரு மையத்திலிருந்து கேட்டு வாங்க முடியும். கணவர் நம்பரையும் சேர்த்துக் கொடுக்கலாம், அவருக்குத் தெரிந்திருந்தால். பாசிட்டிவ் என்றால் ஒரு நாளும் தள்ளக் கூடாது. சிகிச்சை இல்லாத குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை. ஆரம்பத்திலேயே மருந்து கொடுத்த பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

நெகட்டிவ் என்றால் மறுபடி ஆறாம் மாதம், ஒரு வயதில், கடைசியாக 18 மாதத்தில். இந்தக் கடைசி ஒன்றுக்கு வருபவர்கள்தான் குறைவு. பிள்ளை நடக்கிறது, ஓடுகிறது, எதற்கு இன்னும் குத்த வேண்டும் என்று நினைக்கிறார்கள். அதற்குள் கட்டடம் முடிந்து மேஸ்திரி எலகங்காவுக்கோ தேவனஹள்ளிக்கோ வேலையை மாற்றியிருப்பார். 16 முதல் 24 மாதத்துக்குள் தட்டம்மை–ரூபெல்லா இரண்டாம் தவணை ஊசி உண்டு. அதை 18-வது மாதம் முடிந்ததும் போட்டுக்கொள்வதாக வைத்துக்கொண்டால், மூன்று கிட்டுகளில் பார்க்கும் அந்த முடிவுச் சோதனையும் அதே அரைநாள் சம்பள இழப்பில் முடிந்துவிடும்.